வித்தியாசாலையில் தத்துவம் – 4: கூஸானின் பட்டாளம்

நெப்போலியனுக்குத் தத்துவ சாஸ்திரிகளைக் கண்டால் ஆகாது. மனத்தில் எண்ணங்கள் பிறக்கும் விதத்தை ஆராய்வதே சகல சாஸ்திரங்களுக்கும் அடிப்படை என்று வாதித்த தெஸ்த்யூ த திராஸி முதலியோரை, ஏட்டுச் சுரைக்காயைக் கொண்டு ராஜ்யம் நடத்தப் பார்ப்பவர்கள் என்ற பொருள்பட அவன் இகழ்ந்து வந்தான். 1803ஆம் ஆண்டில், அவர்களுக்குப் புகலிடமாக விளங்கிய நீதி, அரசியல் சாஸ்திரப் பிரிவையே தேசிய வித்வத் சபையிலிருந்து எடுத்துவிட்டான். புரட்சிக் காலத்தில், 1795இல் தோன்றிய மத்தியப் பள்ளிகள், பழைய கல்லூரிகளின் தத்துவ வகுப்பு இருந்த இடத்தில் பொது இலக்கணம் என்ற பாடத்தை வைத்து, அதன் மறைவில் திராஸியின் கொள்கைகளைப் போதித்து வந்தன. அவற்றையும் 1802இல் மூடி, லத்தீனும் கணிதமுமே பிரதானமென்று லிஸே என்னும் புதிய உயர்நிலைப் பள்ளிகளை அவன் நிறுவினான். இவ்வளவும் செய்தவனுடைய ஆட்சியிலேயே, 1808இல் ஏகாதிபத்திய ஸர்வகலாசாலை அமைந்து, அதற்கு மறு ஆண்டே, லிஸேயின் கடைசி ஆண்டில் தர்க்கம், பராதத்துவம், நீதி சாஸ்திரம், தத்துவ ஞானிகளின் அபிப்பிராயங்களுடைய சரித்திரம் ஆகியவற்றை லத்தீனிலோ பிரெஞ்சிலோ கற்பிக்க வேண்டும் என்ற விதியும் பிறந்ததென்றால், அதற்குக் காரணம் தத்துவத்தின் மீது திடீரென்று எழுந்த பக்தி என்று யாரும் கருதமாட்டார்கள்.

தேசம் முழுவதிலும் உள்ள உபாத்தியாயர்களை ஸர்வகலாசாலை என்ற இந்த ஒரே ஸ்தாபனத்தின் அங்கத்தினராக்கி, ஒரே தலைமைக்குக் கீழ்ப்படுத்தி, அவர்கள் கையால் ஒரே அச்சில் வார்த்தெடுத்த உத்தியோகஸ்தர்களைப் பெற்றுக்கொள்வதே அந்தச் சக்கரவர்த்தியின் நோக்கம். அந்த உத்தியோகங்களின் வாசலில் நின்றது பக்கலோரெயா என்னும் பரீட்சை. பழைய சேசு சபைக் கல்லூரிகளில் படிப்பின் சிகரமாக இருந்தது தத்துவ வகுப்பு என்பதைச் சென்ற பகுதியில், தேக்கார்த் படித்த லா ஃப்ளேஷ் கல்லூரியைப் பற்றிச் சொல்லும்போது விவரித்தோம். அந்தச் சிகரத்தை இடித்துத் தள்ளுவதைக் காட்டிலும், அதன் மீது தன் கொடியை ஏற்றிவிடுவது சுலபமென்று ராஜாங்கம் கண்டுகொண்டது. இவ்வாறு, ஆள்வோரின் சௌகரியத்துக்காகப் பள்ளிக்குள் கொண்டுவந்து வைக்கப்பட்ட ஒரு பாடம், அடுத்த நூறு ஆண்டுகளில் ஆள்வோருக்கே மிகுந்த அசௌகரியமாக முடிந்தது எப்படி என்பதுதான் இந்தப் பகுதியின் விஷயம்.

இந்தச் சோதனை பிரான்ஸில் மட்டும் நடந்ததாக எண்ணவேண்டாம். இதே 1808ஆம் ஆண்டில் பவேரிய ராஜ்யத்தின் கல்வி அதிகாரியான நீத்ஹாமர் என்பவர், உயர்நிலைப் பள்ளிகளில் தத்துவத்தைப் போதிக்க ஏற்பாடு செய்து, நூரெம்பர்க் நகரப் பள்ளிக்குத் தலைமையாசிரியராகத் தம் நண்பரும், அப்போது நிலையான வேலையின்றி ஒரு பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தவருமான ஹெகலை நியமித்தார். ஜெர்மானியத் தத்துவ உலகின் சக்கரவர்த்தியாகப் பிற்காலத்தில் விளங்கிய அவர், எட்டு ஆண்டு காலம் பையன்களுக்குத் தர்க்கமும் தர்மமும் சொல்லிக் கொடுத்து, பள்ளிக் கணக்குவழக்குகளையும் பார்த்துக்கொண்டு, இந்த வயதில் எவ்வளவு தத்துவம் தகும் என்று 1812இல் ஓர் அறிக்கையும் எழுதினார். ஆனால் ஜெர்மானிய நாடுகளில் தத்துவத்தின் இருப்பிடம் ஸர்வகலாசாலையே என்ற நிலை உறுதிப்பட்டுவிட்டது. பிரான்ஸிலோ, அது பதினேழு வயதுப் பிள்ளைகளின் வகுப்பறையிலேயே வேரூன்றியது. வேரூன்றச் செய்தவர் ஒருவர். அவர் பெயர் விக்தோர் கூஸான்.

கூஸான் 1792இல் பாரிஸ் நகரத்தில் எளிய கைத்தொழிலாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தெருவிலே சில முரட்டுப் பையன்களிடம் அகப்பட்டுத் தவித்த ஒரு மாணவனை அவர் சிறுவயதில் காப்பாற்ற, அந்த மாணவனின் தாயார் நன்றி பாராட்டி அவரை லிஸேயில் சேர்த்துப் படிக்கவைத்தாள் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், 1810இல் ஆசிரியர்களைத் தயாரிக்கும் எக்கோல் நோர்மாலில் முதல் மாணவராகப் புகுந்தவர், ஐந்தே ஆண்டுகளில், ரோயே-கொலார் என்னும் பேராசிரியருக்குப் பதிலாக ஸோர்போனில் நின்று பிரசங்கம் செய்யும் நிலையை எய்திவிட்டார். ரோயே-கொலார், ஸ்காட்லாந்துத் தத்துவ ஞானியான தாமஸ் ரீடின் சித்தாந்தத்தைப் பிரான்ஸுக்குக் கொண்டுவந்து, புலன்களே அறிவின் ஊற்று என்ற பழைய கட்சியை எதிர்த்தவர். சீடரோ அதனோடு நில்லாமல், 1817இல் ஜெர்மனிக்குப் பிரயாணம் செய்து ஹெகலைச் சந்தித்து, அடுத்த ஆண்டில் மற்றொரு ஜெர்மானியத் தத்துவ ஞானியான ஷெல்லிங்கையும் பார்த்துவிட்டு வந்தார். ஆழ்ந்த அறிவாளி என்பதைக் காட்டிலும் அற்புதமான பேச்சாளி என்று அவரைச் சொல்லலாம். பிறர் நூல்களில் உள்ளதைத் தம் குரலில் புதிதாக்கிப் பேசும் சாமர்த்தியத்தில் அவருக்கு நிகர் அக்காலத்தில் இல்லை.

1820 பிப்ரவரியில் இளவரசன் பெர்ரி கொலையுண்டவுடன், மீண்டும் அரியணை ஏறியிருந்த பூர்போன் வம்சத்தாருக்குத் தாராள எண்ணம் கொண்ட எவரைக் கண்டாலும் ஐயம் எழுந்தது. கூஸானின் பிரசங்கங்கள் நிறுத்தப்பட்டன. 1822இல் எக்கோல் நோர்மாலையே மூடிவிட்டார்கள். இடையில், 1821இல், பள்ளித் தத்துவ வகுப்பைப் பற்றிப் பிறந்த ஆக்ஞை விசித்திரமானது. தத்துவத்தை இனி லத்தீனில் மட்டுமே கற்பிக்க வேண்டுமாம். தாய்மொழியில் சிந்தித்தால் பையன்கள் தம் காலத்து விவகாரங்களைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கிவிடுவார்கள் என்ற பயம் அதன் அடியில் இருந்ததென்பது என் அபிப்பிராயம். ஆயினும் அந்த ஆக்ஞையை இட்டவர்களும் வகுப்பை எடுத்துவிடத் துணியவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒரு பாடம் ஒருமுறை பரீட்சையில் புகுந்துவிட்டால் அதை வெளியேற்றுவது எந்த மந்திரிக்கும் எளிதன்று.

வேலையிழந்த கூஸான், பிளேட்டோவை மொழிபெயர்ப்பதிலும் தேக்கார்த்தின் நூல்களைப் பதிப்பிப்பதிலும் காலத்தைச் செலவிட்டதுடன், மார்ஷல் லானின் குமாரனுக்கு உபாத்தியாயராகவும் அமர்ந்தார். அந்தப் பிள்ளையுடன் 1824இல் ஜெர்மனிக்குச் சென்றபோது, புரட்சிக்காரர்களுடன் தொடர்புடையவரென்று ட்ரெஸ்டன் நகரில் கைதுசெய்யப்பட்டு, பெர்லினுக்குக் கொண்டுபோகப்பட்டுச் சில மாதங்கள் காவலில் இருந்தார். அப்போது பெர்லின் ஸர்வகலாசாலையின் ஆசனத்தில் வீற்றிருந்த ஹெகல், பிரஷ்ய மந்திரிக்குக் கடிதம் எழுதித் தம் பழைய நண்பருக்காகப் பரிந்து பேசினார். சிறைவாசம் கூஸானுக்கு நஷ்டமாக முடியவில்லை. தியாகி என்ற பெயரோடு பாரிஸ் திரும்பி, 1828இல் மீண்டும் ஸோர்போன் மேடையில் ஏறியபோது, சரித்திராசிரியர் கீஸோவும் இலக்கியப் பேராசிரியர் வில்மேனும் அவருடன் சேர்ந்து பிரசங்கம் செய்த அந்த நாட்களில், மண்டபத்தில் நிற்க இடமில்லாமல் ஜனங்கள் திரண்டார்கள்.

1830ஆம் ஆண்டு ஜூலைப் புரட்சி, மேடையில் நின்றவரை ஆசனத்தில் அமர்த்தியது. கல்வி ஆலோசனை சபையின் அங்கத்தினர், பிரபுக்கள் சபையின் உறுப்பினர், மீண்டும் திறக்கப்பட்ட எக்கோல் நோர்மாலுக்குச் சில ஆண்டுகள் தலைவர், 1840இல் எட்டு மாத காலம் கல்வி மந்திரி என்று பதவிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. இவை எல்லாவற்றையும் விடப் பலம் வாய்ந்தது, வெளியார் அதிகம் கவனியாத இன்னொரு பதவி. தத்துவ உபாத்தியாயர்களைத் தெரிந்தெடுக்கும் அக்ரேகாஸியோன் என்ற போட்டிப் பரீட்சையின் நடுவர் குழுவுக்கு அவரே தலைவர். எந்த இளைஞன் ஆசிரியராகத் தேறுவான், தேறியவன் பாரிஸில் வேலை பார்ப்பானா அல்லது மலைநாட்டுச் சிற்றூரில் குளிரில் நடுங்குவானா, நடுங்கியவன் எப்போது ஊர் திரும்புவான் என்பதெல்லாம் ஒரே மனிதரின் சித்தத்தைப் பொறுத்திருந்தது. தேசமெங்கும் பரவிய அந்த ஆசிரியர்களைத் தம் பட்டாளம் என்றே அவர் குறிப்பிடுவது வழக்கம். அவர்களும், வகுப்பில் என்ன போதிக்கிறோம் என்பதைத் தளபதிக்குத் தெரிவித்து வந்தார்கள்.

அந்தப் பட்டாளத்துக்கு அவர் 1832இல் வகுத்துக் கொடுத்த பாடத்திட்டத்தின் வரிசையைச் சற்று நின்று பார்ப்பது தகும். முதலில் மனோதத்துவம், பிறகு தர்க்கம், அதன்பின் நீதி சாஸ்திரமும் ஈசுவர விசாரமும், முடிவில் தத்துவ சரித்திரம். மனோதத்துவத்தை முதலில் வைத்ததில்தான் அவருடைய ராஜதந்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மாணவன் தன் உள்ளத்தைத் தானே உற்று நோக்க வேண்டும். நோக்கினால் அங்கே புலன்களின் கலவரத்துக்கு அப்பால் ஒரு சுதந்திரமான சித்தத்தையும், அதற்குமேல் யாவருக்கும் பொதுவான புத்தியையும் காண்பான். அவற்றைப் பிடித்துக்கொண்டே படிப்படியாக ஏறி, ஆன்மா அழிவற்றது, ஈசுவரன் உண்டு, தர்மம் நித்தியமானது என்ற முடிவுகளை எய்துவான். பாதிரிமாருடைய வேதாகமத்தை ஆதாரமாகக் கொள்ளாமலே பாதிரிமார் மறுக்க முடியாத முடிவுகளில் வந்து சேர்வது இந்த வழி; அதே சமயத்தில் உலோகாயதர்களையும் அவநம்பிக்கைக்காரர்களையும் வாசலிலேயே நிறுத்திவிடுவது. ஒவ்வொரு சித்தாந்தத்திலும் மெய்யான பகுதி ஒன்று உண்டு, அவற்றை ஒன்றுகூட்டிக் கொள்ளலாம் என்ற அவருடைய சமரச தத்துவம், அரசனும் வேண்டும் அரசியல் சட்டமும் வேண்டும் என்றிருந்த, ஜூலைப் புரட்சியால் அரியணை ஏறிய லூயி பிலிப்பின் நடுத்தர வர்க்க ராஜ்யத்துக்கு, அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்திற்று.

இதைக் கண்டு பின்னால் வந்தவர்கள் கூஸானை நகைத்தார்கள். 1857இல் தேன் என்னும் விமரிசகர் எழுதிய நூலில் கூஸான் பட்ட பாடு கொஞ்சமன்று. நகைப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்கு அவர்மீது முழுக்கோபம் வருவதில்லை. அக்ரேகாஸியோனில் தேறிய உபாத்தியாயரை ஊர்ப் பாதிரியாரோ, மாவட்ட அதிகாரியோ, மாணவனின் தந்தையோ நேரில் அதட்ட முடியாது. அவருடைய தகுதியைத் தீர்மானிக்க வேண்டியவர் தத்துவம் படித்த இன்னொருவரே என்ற வழக்கத்தை ஏற்படுத்தியவர் கூஸான். தம் ஒருவருக்கே ஆசிரியர்கள் பணிய வேண்டும் என்பதற்காகவே அவர் அப்படிச் செய்தார் என்பது உண்மை. அவர் மறைந்த பிறகு அந்த ஒருவருடைய ஸ்தானம் காலியாகிவிட, மற்றவருக்குப் பணிய வேண்டாம் என்ற பாதி மட்டும் எஞ்சி நின்றது.

அவர் அதிகாரத்தில் இருந்தபோதே இந்த வழக்கத்துக்கு முதல் சோதனை வந்தது. 1843இலும் அதற்கடுத்த ஆண்டிலும், உயர்நிலைக் கல்வியில் ஸர்வகலாசாலைக்கு இருந்த ஏகபோக உரிமையை ஒழிக்க வேண்டுமென்று கத்தோலிக்கக் கட்சியார் கிளர்ச்சி செய்தபோது, அவர்கள் குறிவைத்தது தத்துவ வகுப்பையே. கூஸானின் ஆசிரியர்கள் ஈசுவரனையும் பிரபஞ்சத்தையும் ஒன்றென்று போதித்துப் பிள்ளைகளை நாஸ்திகராக்குகிறார்கள் என்பது குற்றச்சாட்டு; பாடங்களிலிருந்தும் நூல்களிலிருந்தும் வாக்கியங்களைப் பொறுக்கித் தொகுத்துத் தடித்த புத்தகங்களாகவே வெளியிட்டார்கள். 1844இல் பிரபுக்கள் சபையில் கூஸான் எழுந்து நாட்கணக்கில் வாதாடினார். கத்தோலிக்கர், புராட்டெஸ்டெண்டுகள், யூதர் ஆகிய மூவரின் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்ந்து படிக்கும் பள்ளியில், அவர்கள் அனைவருக்கும் பொதுவான உண்மைகளைப் புத்தியின் பலத்தால் மட்டும் போதிக்கும் ஒரு பாடம் இல்லாவிட்டால், ஒரே தேசத்தின் பிரஜைகள் என்ற உணர்வு அவர்களுக்கு எங்கிருந்து வரும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். எச்சரிக்கை மிகுந்த அந்த மனிதர் வாழ்நாளில் பேசியவற்றுள் தைரியமானது இதுவே என்று நினைக்கிறேன்.

அடுத்த சோதனையில் வாதத்துக்கு இடமே இருக்கவில்லை. 1848ஆம் ஆண்டுப் புரட்சியைக் கண்டு நடுங்கிய சொத்துடையோர், பள்ளி உபாத்தியாயர்களே கலகத்தின் வித்து என்று முடிவுகட்டினார்கள். 1850 மார்ச் மாதத்துச் சட்டம், மந்திரி ஃபாலூவின் பெயரால் வழங்குவது, பாதிரிமாருக்குக் கல்வியில் மீண்டும் இடம் கொடுத்தது. லூயி-ல-கிரான் லிஸேயில் தத்துவம் கற்பித்து, ழூல் சிமோனுடன் சேர்ந்து சிந்தனைச் சுதந்திரத்தின் பெயரிலேயே ஒரு பத்திரிகை நடத்திய அமெதே ழாக், அதில் எழுதிய கட்டுரைகளுக்காகக் கற்பிக்கும் உரிமையை இழந்து, கப்பலேறித் தென் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார். போன இடத்தில் அவர் சோடைபோகவில்லை. பியூனஸ் அயர்ஸ் நகரத்தின் தேசியக் கல்லூரிக்குத் தலைவராகி, அர்ஜென்டீனாவின் ஒரு தலைமுறை தலைவர்களை உருவாக்கிவிட்டு 1865இல் மறைந்தார். அவருடைய மாணவரான மிகெல் கானே என்பவர் தம் பள்ளிப் பருவத்தைப் பற்றி எழுதிய ‘ஹுவெனிலியா’ அந்நாட்டில் இன்றும் பிரசித்தமான நூல். அதில் ழாக்கின் உருவம் கம்பீரமாக நிற்கிறது.

1851 டிசம்பர் 2ஆம் தேதி ஜனாதிபதி லூயி நெப்போலியன் ராஜ்யத்தைக் கைப்பற்றிய சில நாட்களுக்குள், ஸோர்போனில் சிமோன் தம் பாடத்தையே கண்டனமாக்கிப் பேசிப் பதவி நீக்கம் பெற்றார். புதிய ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மாட்டேனென்று வாஷரோ என்ற தத்துவ ஆசிரியர் விலகினார். நெவேர் என்னும் ஊரில் இளம் ஆசிரியராக இருந்த தேன், ஊரிலுள்ள ஆசிரியர்கள் யாவரும் ஜனாதிபதிக்கு நன்றி கூறிக் கையொப்பமிட்ட பத்திரத்தில் தாம் ஒப்பமிட மறுத்து, அங்கிருந்து மாற்றப்பட்டு, மேலும் மாற்றப்பட்டு, முடிவில் விடுப்பெடுத்துக்கொண்டு பாரிஸ் திரும்பினார். கல்வி மந்திரி ஃபோர்த்தூல் 1852இல் தத்துவ அக்ரேகாஸியோனை ரத்து செய்து, வகுப்பின் பெயரையும் தத்துவம் என்பதிலிருந்து தர்க்கம் என்று மாற்றி, ஆன்மாவையும் ஈசுவரனையும் பற்றிய விசாரத்துக்கு அங்கே இடமில்லாமல் செய்துவிட்டார். அதே ஆண்டில் இதே மந்திரி, ஆசிரியர்கள் தாடி மீசை வைத்துக்கொள்ளலாகாது என்றும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அரசியல் கிளர்ச்சிக்காரரின் அடையாளம் அது என்பது அவருடைய எண்ணம். தலைக்குள்ளே இருப்பதையும் முகத்தின் மேலே இருப்பதையும் ஒரே கத்தியால் சிரைத்துவிடலாம் என்று நம்பிய நிர்வாகம் அது. பட்டாளத்தின் தளபதியான கூஸானும் அந்த ஆண்டில் ஓய்வுபெற்று, பதினேழாம் நூற்றாண்டுப் பிரபுகுல மாதர்களின் சரித்திரங்களை எழுதிக்கொண்டு காலம் கழிக்கலானார்.

பதினோராண்டுகள் இப்படிச் சென்றன. 1863 ஜூன் மாதத்தில் சரித்திராசிரியரான விக்தோர் ட்யூருய் கல்வி மந்திரியானார். பதவியேற்ற சில நாட்களுக்குள், அம்மாதம் 29ஆம் தேதி, தத்துவ வகுப்பும் அதற்குரிய அக்ரேகாஸியோனும் பழைய பெயரோடு திரும்பி வந்தன. உலோகாயதம் இளைஞரிடையே பரவுவதற்குக் காரணம் தத்துவம் கற்பித்ததன்று, கற்பிக்காமல் விட்டதே என்பது ட்யூருய் கூறிய நியாயம். சக்கரவர்த்தியாகிவிட்டிருந்த லூயி நெப்போலியனின் காதில் ஏறக்கூடிய நியாயமும் அதுதான். அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே பக்கலோரெயா பரீட்சையில் மாணவன் பிரெஞ்சு மொழியில் தத்துவக் கட்டுரை ஒன்றை எழுதித்தர வேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. வாய்மொழிப் பரீட்சையில், மனப்பாடம் செய்த விடையை ஒப்பித்துவிட்டுப் போகலாம். கேட்ட கேள்வியைத் தானே பிரித்து, எதிர்க்கட்சிக்கும் உரிய இடம் கொடுத்து, காரணம் காட்டி ஒரு முடிவுக்கு வர வேண்டிய கட்டுரையில் அது அவ்வளவு சுலபமாகச் செல்லாது. இந்நாளில் ஜூன் மாதந்தோறும் பிரெஞ்சுப் பிள்ளைகள் நான்கு மணி நேரம் அமர்ந்து எழுதுகிற பரீட்சைக்கு இதுவே மூலம். 1826இல் தொடங்கிய நம் புதுச்சேரிப் பிரெஞ்சுப் பள்ளியின் கடைசி வகுப்புப் பிள்ளைகளும், வங்கக் கடலோரத்தில் உட்கார்ந்துகொண்டு, இந்தப் பரீட்சையை இன்றும் எழுதி வருகிறார்கள்.

அந்த ஏகாதிபத்தியம் வீழ்ந்து மூன்றாம் குடியரசு வந்தபின், பட்டாளத்தினரின் உண்மையான காலம் தொடங்கியது. 1880ஆம் ஆண்டில் தத்துவப் பேராசிரியர் போல் ழானேயின் முயற்சியால் வந்த பாடத்திட்டம், விஷயங்களைப் பழைய வரிசையை ஒட்டியே அடுக்கினாலும், அந்த வரிசை ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பார்வைக்குச் சிறிய சலுகைதான். ஆனால் வரிசையை மாற்ற உரிமை பெற்றவன் முடிவையும் மாற்ற உரிமை பெற்றவனாகிறான். மனோதத்துவத்தில் தொடங்கி ஈசுவரனில் முடிக்க வேண்டிய நிர்ப்பந்தம் அகன்றால், எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது அவன் மனச்சாட்சியைப் பொறுத்ததாகிவிடுகிறது. 1881இல் அக்ரேகாஸியோனில் இரண்டாவதாகத் தேறிய பெர்க்ஸன் ஆன்ழேயிலும் க்ளேர்மோன்-ஃபெரானிலும், மூன்றாவதாகத் தேறிய ழோரேஸ் அல்பியிலும், அடுத்த ஆண்டு தேறிய டர்க்ஹைம் ஸான்ஸ் என்ற சிற்றூரிலும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தத்துவம் சொல்லிக் கொடுக்கப் போனார்கள். ஒருவர் உலகப் புகழ்பெற்ற ஞானியாகவும், ஒருவர் சமதர்மக் கட்சியின் தலைவராகவும், ஒருவர் சமூக சாஸ்திரத்தின் பிதாமகராகவும் பின்னால் ஆனார்கள் என்பதை அந்தப் பையன்கள் எவ்வாறு அறிவார்கள்? டர்க்ஹைமின் வகுப்பில் 1883-84இல் உட்கார்ந்திருந்த ஆந்த்ரே லாலாந்த் என்ற மாணவன் மட்டும் ஆசிரியர் சொன்னதையெல்லாம் குறிப்பெடுத்து வைத்தான். அந்தக் குறிப்புகள் 1995இல் ஸோர்போன் நூல்நிலையத்தில் அகப்பட்டன. பிற்காலத்தில் பிரெஞ்சுத் தத்துவச் சொல்லகராதி ஒன்றை முன்னின்று உருவாக்கிய அந்த மாணவனின் ஏட்டைப் புரட்டினால், மனோதத்துவம், தர்க்கம், நீதி, பராதத்துவம் என்று பாடம் ஏறக்குறையக் கூஸானின் படிவரிசையிலேயே நடந்து செல்கிறது. விடுதலை கிடைத்த மறுநாளே கைதி ஓடிவிடுவதில்லை.

ஆசிரியரின் சொல்லுக்கு இருந்த செல்வாக்கு எவ்வளவென்பதற்கு, அதை வெறுத்தவரின் சாட்சியமே போதும். நான்ஸி நகரத்து லிஸேயில் ஓகுஸ்த் ப்யூர்தோ என்பவரிடம் தத்துவம் பயின்ற மோரிஸ் பாரேஸ், 1897இல் வெளியிட்ட நாவலில், காண்டின் தர்மத்தைக் கம்பீரமாக முழங்கி, லொரேன் பிரதேசத்துப் பையன்கள் சிலரைச் சொந்த மண்ணிலிருந்து பிடுங்கிப் பாரிஸ் தெருக்களில் எறிந்துவிடும் பூதேயே என்ற ஆசிரியரைப் படைத்தார்; அந்தப் பாத்திரத்துக்கு மாதிரி ப்யூர்தோவே என்பது அக்காலத்தில் யாவரும் அறிந்தது. ஷோபென்ஹவரைப் பிரெஞ்சில் பெயர்த்து, மந்திரியாகவும் பிரதிநிதிகள் சபைத் தலைவராகவும் உயர்ந்து, 1894இலேயே மறைந்துவிட்ட ப்யூர்தோ இந்த நாவலைப் பார்க்கவில்லை. பாரேஸின் குற்றச்சாட்டைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு. பதினேழு வயதில் கேட்ட ஒரு குரலை முப்பத்தைந்து வயதிலும் காதிலிருந்து அகற்ற முடியாமல் ஒருவர் புத்தகமே எழுத வேண்டியிருந்தது! எந்தக் கணித ஆசிரியருக்கும் கிடைக்காத மரியாதை இது. மறுபுறத்தில், பாரிஸின் கோந்தோர்ஸே லிஸேயில் தார்ல்யூ என்பவரிடம் படித்த மார்ஸெல் ப்ரூஸ்த், தம் முதல் நூலின் முன்னுரையில் அவரை நன்றியோடு நினைத்தார். அதே தார்ல்யூவின் மாணவர்களான ஸவியே லெயோன், எலி அலேவி, ப்ரன்ஷ்விக் ஆகியோர் 1893இல் பராதத்துவத்துக்கும் நீதிக்கும் ஒரு பத்திரிகையைத் தொடங்கி, அதை ஐரோப்பாவிலேயே தலைசிறந்தவற்றுள் ஒன்றாக்கினார்கள்.

இந்தப் பெருமைகளைச் சொல்லும்போது, வகுப்பில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்கலோரெயா பரீட்சையில் தேறியவர்கள் அந்த வயதினரில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவினரே. லிஸேயில் சம்பளம் கட்ட வேண்டும். உழவன் மகனும் தொழிலாளி மகனும் ஆரம்பப் பள்ளியோடு நின்றார்கள். யாவருக்கும் பொதுவான புத்தியைப் பற்றி ஆசிரியர் பேசியபோது, அதைக் கேட்டவர்கள் வக்கீல், வைத்தியர், அதிகாரி வீட்டுப் பிள்ளைகள்.

பெண்களின் நிலையோ இன்னும் மோசம். பிரதிநிதிகள் சபை உறுப்பினர் காமிய் ஸேயின் முயற்சியால் 1880 டிசம்பர் 21ஆம் தேதிச் சட்டம் பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளிகளை ஏற்படுத்திற்று. பாதிரிமாரின் பிடியிலிருந்து குடியரசின் தாய்மாரை விடுவிப்பதே நோக்கம் என்று பேசினார்கள். ஆனால் அந்தப் பள்ளிகளில் நீதிபோதனையும் கொஞ்சம் மனோதத்துவமும் இருந்தனவேயன்றித் தத்துவம் இருக்கவில்லை. முடிவில் கிடைத்ததும் ஸர்வகலாசாலையின் கதவைத் திறக்கும் பக்கலோரெயா அன்று, வெறும் நற்சான்றுப் பத்திரம். ஸ்திரீகளுக்கு எவ்வளவு புத்தி தகுமென்று நிறுத்துக் கொடுத்த இந்தத் தராசு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அசையவில்லை. 1924 மார்ச் மாதத்தில் லெயோன் பேரார் என்ற மந்திரி இட்ட உத்தரவே பெண்களுக்கும் ஆண்களுக்குரிய அதே பாடத்திட்டத்தையும் பரீட்சையையும் திறந்துவிட்டது. 

அதற்கு மறு ஆண்டு, 1925 செப்டம்பர் 2ஆம் தேதி, மந்திரி த மோன்ஸி தத்துவம் கற்பிக்கும் முறையைப் பற்றி ஒரு நீண்ட போதனாக் குறிப்பை வெளியிட்டார். சிந்தனையைப் பழக்குவதன் மூலமாகச் சுதந்திரத்தைப் பழகிக்கொள்வதே இந்த வகுப்பின் பயன் என்றும், ஆசிரியர் தம் அபிப்பிராயத்தை வெளியிடுவதற்குத் தடையில்லை, அவருடைய விவேகமும் மாணவரின் வயதுமே எல்லை என்றும் அதில் கண்டிருந்தது. தாடியை மழிக்கச் சொல்லிய இலாகாவிலிருந்தே இது புறப்பட்டது. பல பத்தாண்டுகள் பிரெஞ்சு ஆசிரியர்களுக்கு இதுவே பிரமாணமாக இருந்து வந்தது.

அந்தக் குறிப்பு வெளிவந்த கோடையில், ட்யூருயின் பெயர் தாங்கிய பாரிஸ் பெண்கள் லிஸேயில் ஓராண்டு தத்துவம் படித்துப் பக்கலோரெயா தேறியிருந்தாள் ஸிமோன் வெய் என்ற பதினாறு வயதுப் பெண். அடுத்த சில ஆண்டுகள், ஆன்றி-காத்ர் லிஸேயில், அலான் என்ற புனைபெயரால் புகழ்பெற்ற எமீல் ஷர்த்தியேயிடம் அவள் பாடம் கேட்டாள்; அலானோ, அனேகமாக எதையும் அச்சிடாமல் வகுப்பறையிலேயே தம் ஆயுளைச் செலவிட்ட ழூல் லாஞோவின் மாணவர். 1931இல் அக்ரேகாஸியோனில் தேறி, ல புயி என்ற மலைநாட்டு ஊரில் வெய் உபாத்தியாயினியாக அமர்ந்தபோது, பட்டாளத்தின் சரித்திரத்தில் கூஸான் கனவிலும் கண்டிராத ஒரு சிப்பாய் வந்து சேர்ந்தாள். வேலையற்றோர் கல்லுடைத்துக் கூலி பெறும் அவ்வூரில், அவர்களோடு நகரசபைக்கு நடந்துபோய்க் கோரிக்கை வைத்தாள். பத்திரிகைகள் கூக்குரலிட்டன, கல்வி அதிகாரி அழைத்து விசாரித்தார், மாணவிகளின் பெற்றோரில் பலர் ஆசிரியைக்காகப் பரிந்து பேசினார்கள். மறு ஆண்டு ஓசேர் நகருக்கு மாற்றம். அதற்கு மறு ஆண்டு ரோவான்.

ரோவானில் அவளுடைய வகுப்பு ஒரு சிறு கூட்டம். 1933-34இல் அங்கே படித்த மாணவி ஒருத்தி எடுத்த குறிப்புகள் 1959இல் புத்தகமாக வெளிவந்தன. லாலாந்தின் ஏட்டையும் இதையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள், இடையில் சென்ற ஐம்பது ஆண்டுகளில் வகுப்பு எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதைக் காணலாம். இங்கே பாடம், உடலின் அனிச்சைச் செயல்களிலிருந்து தொடங்கி, உலோகாயதனின் கட்சியை அவன் சொற்களாலேயே முழுவதும் பேசவிட்டு, பிறகு மனத்தின் சுயேச்சையான செயலைக் கண்டு, தேக்கார்த்தையும் காண்டையும் தொட்டு, மார்க்ஸிடமும், ராஜாங்க யந்திரம் தனி மனிதனை நசுக்கும் விதத்திடமும் வந்து நிற்கிறது. கூஸான் வாசலிலேயே நிறுத்தி வைத்த விருந்தாளிகள் அனைவரும் உள்ளே வந்து பலகையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை உள்ளே விட்டவளோ, அவருடைய அக்ரேகாஸியோனில் தேறி, ராஜாங்கத்திடம் மாதச் சம்பளம் பெறும் ஓர் ஆசிரியை.

இந்த வகுப்பை விருப்பப் பாடமாகக் குறைத்துவிட மந்திரி அபி 1975இல் முயன்றதையும், அதை எதிர்த்துத் தத்துவ ஞானி ழாக் தெரிதா முதலியோர் 1979 ஜூன் மாதத்தில் ஸோர்போனில் கூட்டிய மாநாட்டையும் அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)